பனிக்கால அவரையும் ஓசூர்ப் புழக்கடையும்

ஓசூரில் குடியிருக்கும் ஒருவர் தம் வீட்டுப் புழக்கடையில் அவரை போட விரும்பினால், எந்த அவரையைப் போடுவது என்னும் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியவராகிறார். ஆடியில் ஊன்றினால் ஐப்பசி வரையில் இலையும் கொடியுமாகவே படர்ந்து கிடந்து, பனி இறங்கத் தொடங்கிய பிறகே பூவெடுத்து, மார்கழி, தை மாதங்களில் கொத்துக் கொத்தாகக் காய்த்து, மாசியோடு ஓய்ந்துவிடும் பழைய கொடி அவரை ஒன்று. மாதம் எதுவாயினும், விதைத்து மூன்று மாதம் ஆவதற்குள் இடுப்பளவுக்கும் குறைந்த உயரத்தில் நின்றபடியே காய்த்துக் கொடுத்துவிடும் செடி அவரை மற்றொன்று. விதைக் கடைகளில் பின்னது தாராளமாகக் கிடைக்கிறது. முன்னதோ, தெரிந்தவர் வீட்டு விதைப் பானையிலோ வாரச் சந்தையில் ஒரு மூதாட்டியின் முறத்திலோ இருந்தால்தான் உண்டு. இவ்விரண்டின் குணதோஷங்களையும், இந்தக் கர்நாடக எல்லைப் பிரதேசத்தின் மண்ணும் சீதோஷ்ணமும் சமையலும் இவற்றில் எதற்கு இடங்கொடுக்கின்றன என்பதையும் நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியம். என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: சந்தைக்காகப் பயிரிடும் குடியானவன் செடி அவரையை நாடியதில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஒரு குடும்பத்தின் தேவைக்காக மட்டும் பயிரிடும் வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்த நியாயம் பொருந்தாது, அவருக்கு உரியது பழைய கொடியே.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மேனாட்டுத் தோட்டப் புத்தகங்களில் குளிர்காலப் பயிராக வர்ணிக்கப்படும் பெருவிதை அவரை, தாவர சாஸ்திரிகள் விசியா ஃபாபா என்று பெயரிட்ட வேறொரு செடி. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பாக்லா என்ற பெயரில் அது விளைகிறது. எகிப்தியரின் காலை உணவாகிய ஃபூல் அதிலிருந்தே ஆகிறது. பகல் வெப்பம் ஏறினால் பூவை உதிர்த்துவிடும் சுபாவம் அதற்கு உண்டாதலால், ஓசூரின் குளிர்காலத்திலுங்கூட அது மனமொப்பி விளையும் என்று சொல்வதற்கில்லை. பரம்பரையாக ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்கள் அதைத் தின்றால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து நோயுறுவதும் உண்டு. நம்முடைய அவரை லாப்லாப் பர்பூரியஸ். பழைய நூல்களில் டாலிகஸ் லாப்லாப். பிஞ்சாகவே பறித்துத் தோலோடு நறுக்கிச் சமைக்கும் காய் அவரையும், தோலை உரித்துக் கொட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளும் மொச்சையும் இந்த ஓரினத்தின் இரண்டு கிளைகளே.

இதன் காட்டு மூதாதை கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் கொள்கை. ஆயினும் தென்னாட்டுக்கு அது வந்து சேர்ந்தது நேற்றோ முன்தினமோ அன்று. கர்நாடகத்தின் புதிய கற்கால ஊர்களை அகழ்ந்தபோது, கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துச் சாம்பலிலும் மண்ணிலும் கருகிய அவரை விதைகள் அகப்பட்டிருக்கின்றன. சங்க நூல்களிலும் அதற்குச் சாட்சியம் உண்டு. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கையுமே உணவென்று எண்ணிக் காட்டுகிறார். நெல் இல்லாத அந்தப் பட்டியல், நன்செய் நாட்டாருக்கு ஏழ்மையின் அடையாளமாகத் தோன்றலாம். ஆனால் தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ சூளகிரியிலோ மானாவாரிக் கொல்லையை உழுது வாழ்ந்த குடும்பத்துக்கு அது தன் வீட்டுக் குதிர்களின் கணக்காகவே இருந்திருக்கும். வரகின் இடத்தைக் கேழ்வரகு பிடித்துக்கொண்டது ஒன்றே பெரிய மாறுதல். கேழ்வரகுக் கொல்லையில் சில சால்களுக்கு ஒரு சாலாக அவரையை ஊன்றுவது இப்பக்கத்துச் சம்பிரதாயம். கர்நாடகத்தார் அதனை அக்கடிச் சால் என்பார்கள். கேழ்வரகு அறுவடையாகிக் கொல்லை வெறிச்சோடும் தறுவாயில் அவரை மட்டும் தனித்து நின்று, ஆழத்தில் ஓடிய ஆணிவேரின் பலத்தால் எஞ்சிய ஈரத்தை உறிஞ்சி, பனியை மட்டுமே துணையாகக் கொண்டு காய்க்கும். அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதால், மறு ஆண்டுக் கேழ்வரகுக்கும் அது உபகாரி.

அவரை ஏன் பனிக்காலத்தையே தேர்ந்துகொள்கிறது? பனித்துளியே பூவைக் கொண்டுவருகிறது என்பது நாட்டார் நம்பிக்கை. அனுபவத்துக்கு அது முற்றும் பொருந்துவதால் அதைப் பழிப்பதற்கில்லை. ஆனால் உண்மையான காரணம் பகலின் நீளத்தில் அடங்கியிருக்கிறது. பகல் குறுகும்போது பூக்கும் செடிகள், நீளும்போது பூக்கும் செடிகள் என்று தாவரங்களில் வகை உண்டு என்பதை அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர் 1920இல் நிலைநாட்டினார்கள். பின்னர் 1938இல் ஹாம்னரும் பானரும், செடி அளந்து பார்ப்பது உண்மையில் பகலை அன்று, இடையறாத இருட்டையே என்று காட்டினார்கள். ஓசூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதின்மூன்று பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அங்கே ஆனி மாதத்து நெடும்பகல் சுமார் 12 மணி 50 நிமிஷம், மார்கழிக் குறும்பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம். ஒன்றரை மணி நேரமே ஆகும் இந்த வித்தியாசத்தை நாம் அநேகமாக உணர்வதில்லை. அவரைக் கொடி உணர்ந்துகொள்கிறது. புரட்டாசி கழிந்து இருட்டு ஒரு வரம்பைக் கடந்ததும், அதுவரை இலையை மட்டும் விட்டுக்கொண்டிருந்த கணுக்கள் பூங்கொத்தை விடத் தொடங்குகின்றன. பங்குனியில் நாட்டுக் கொடி விதையை ஊன்றியவர்கள், மாதக் கணக்கில் தண்ணீர் விட்டும் ஒரு பூவைக் காணாமல் மனம் நொந்து வேரோடு பிடுங்கி எறிவது இதை அறியாததால்தான். கார்த்திகை பிறந்த பிறகு ஊன்றினாலும் பயனில்லை. கொடி முழத்துக்கு மேல் வளருமுன்னே பூத்து, நாலு காயோடு நின்றுபோகும். ஆடிப் பட்டம் என்று முன்னோர் குறித்தது, நீண்ட பகலில் கொடி பருத்து, குறுகிய பகலில் காய்ப்பதற்கு வேண்டிய உடல் அதற்கு அமையும்படி கணித்த கணக்கு.

இந்தப் பருவக் கட்டை உடைப்பதற்காகவே விஞ்ஞானிகள் செடி அவரையை உண்டாக்கினார்கள். பெங்களூர் வேளாண்மை விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தின் ஹெப்பால் அவரை 3, ஹெப்பால் அவரை 4 என்பவை பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் எப்போதும் பூக்கக்கூடியவை. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் என்ற குத்துச் செடி வகைகளைத் தந்தது. கோயமுத்தூர்ப் பல்கலைக்கழகத்தின் கோ 13, கோ 14 போன்றவையும் பந்தல் வேண்டாத செடி இனங்களே. இவை சாமானியமான சாதனைகள் அல்ல. பந்தலுக்குக் கல்லும் கம்பியும் வாங்கும் செலவு இல்லை. ஒரு நிலத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுக்கலாம். காய் ஏறக்குறைய ஒரே காலத்தில் முற்றுவதால் கூலியாட்களைக் கொண்டு ஓரிரு தடவையில் பறித்துப் பெங்களூர்ச் சந்தைக்கு அனுப்பிவிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மார்கழியில் மலிந்து கிடக்கும் சரக்கு, சித்திரையில் கிடைக்குமானால் அதற்கு வேறு விலை உண்டு. கடன் வாங்கிக் கிணறு வெட்டிய குடியானவனிடம் போய், பருவத்துக்குக் காத்திரு என்று உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை.

வீட்டுக்காரரின் நிலைமையோ வேறு. அவருக்கு எல்லாக் காயும் ஒரே வாரத்தில் வேண்டியதில்லை. மூன்று மாத காலம் இரண்டு நாளைக்கொரு முறை ஒரு கைப்பிடி கிடைப்பதே வேண்டும். வேலி ஓரத்தில் ஊன்றிய இரண்டு மூன்று கொடிகள் அதை ஒரு குறையுமின்றித் தருகின்றன. செடி அவரையோ ஒன்றிரண்டு பறிப்பில் ஓய்ந்துவிடுவதால், அவர் திரும்பத் திரும்ப மண்ணைக் கிளறி விதைத்துக்கொண்டே இருக்க நேர்கிறது. இது வசதியைப் பற்றிய பேச்சு. ருசியைப் பற்றிய பேச்சு இதைக்காட்டிலும் முக்கியமானது.

பனிக்கால மொச்சையின் தோலைத் தொட்டால் விரலில் ஒருவித எண்ணெய்ப் பசை ஒட்டும். அதிலிருந்து எழும் வாசனையைக் கன்னடத்தார் சொகடு என்று சொல்லி அதற்காகவே காயை வாங்குகிறார்கள். தோலில் கசியும் சிலவகைக் கொழுப்பமிலங்களே அவ்வாசனைக்குக் காரணம் என்று ரசாயன சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். காயைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தே விலை பேசுவது பெங்களூரிலும் ஓசூரிலும் மார்கழி மாதத்தில் சாதாரணமாகக் காணும் வழக்கம். ஆண்டு முழுவதும் காய்க்கும் செடி இனங்களில் இந்த வாசனை குன்றியிருக்கிறது என்பது வாங்குவோர் பலரும் ஒப்புக்கொள்ளும் குறை. புதிய இனங்களை உருவாக்குவோர் இப்போது சொகடையும் ஒரு குணமாகக் கவனிக்கத் தலைப்பட்டிருப்பதே அதற்குப் போதிய சான்று. பெங்களூரில் குளிர்காலத்தில் அவரைப் பருப்புக்கென்று தனியாக ஒரு விழாவே நடக்கிறது. தோசை முதல் தித்திப்புப் பண்டங்கள் வரை எல்லாவற்றிலும் அவரையைச் சேர்த்து விற்கிறார்கள். மாகடிப் பக்கத்திலிருந்து வரும் காய்க்கு அங்கே பெருமதிப்பு.

எல்லைக்கு இப்பால், விழா ஏதும் இல்லாமலே வீடு தோறும் அவரை விருந்து நடந்து வந்தது. மாலையில் காயை உரித்துக் கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தோல் நெகிழ்ந்த பின் இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தினால், உள்ளிருக்கும் வெண்பச்சைப் பருப்பு துள்ளி வெளியே விழும். இதுதான் பிதுக்குப் பருப்பு. பக்கத்து வீட்டுத் தெலுங்கர் பிதிகி பப்பு என்றும், எதிர் வீட்டுக் கன்னடர் ஹிதக்கித பேளே என்றும் சொல்வது இதையே. ஒரு குழம்புக்கு வேண்டிய பருப்பைத் தனியொருவர் பிதுக்கி முடிப்பதென்றால் பொழுது போய்விடும். பாட்டியும் பேரனும் மருமகளும் ஒரு தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால் அரை மணியில் முடியும். தேங்காயும் மிளகும் பூண்டும் அரைத்து விட்டுக் கொதிக்கவைத்த அந்தக் குழம்பைச் சுடச்சுடக் கேழ்வரகுக் களியின் மேல் ஊற்றி உண்பது, என்னைப் பொறுத்தவரையில், இந்தப் பிரதேசத்தின் மிக உயர்ந்த உணவு. இதற்கு வேண்டிய கொட்டை, முற்றியும் முற்றாததுமான ஒரு பதத்தில் இருக்க வேண்டும். காலையில் பறித்ததை மாலையில் உரிக்க வேண்டும். புழக்கடையில் கொடி இருப்பவருக்குத்தான் இந்தப் பதம் கைகூடும்.

மண்ணையும் சீதோஷ்ணத்தையும் பார்ப்போம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் ஏறக்குறைய 1,700 அடி. பழைய சேலம் ஜில்லாவில் பாலகாட் என்று வழங்கிய மேட்டுப் பகுதி ஓசூர், கீழ்ப்பகுதி பாரமகால். மைசூர்ப் பீடபூமியின் நீட்சியாகிய மேட்டுப் பகுதியில் குளிர் முன்னதாக வந்து பின்னதாகப் போகிறது. செம்மண்ணில் தண்ணீர் தேங்குவதில்லை. இதைவிட நல்ல அவரை நிலம் தமிழ்நாட்டில் வேறெங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த நிலத்தில்தான், 1971இல் ஏற்பட்ட சிப்காட் நிறுவனம் தொழிற்பேட்டைகளை அமைத்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனம் கிடைத்த அந்த மாறுதலை எவரும் குறை கூறார். ஆனால் கேழ்வரகுக் கொல்லைகள் மனைகளாகப் பிரிக்கப்பட்டபோது, அவற்றின் அவரைச் சால்களும், அந்தச் சால்களுக்கென்று ஒவ்வொரு குடும்பமும் பத்திரப்படுத்தி வந்த விதையும் கவனிப்பாரின்றிப் போயின. நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறியவர்களுக்கு மொச்சை பொங்கல் குழம்புக்கு உரிய ஒரு பண்டம். அதற்குமேல் அவர்கள் அறிய வாய்ப்பில்லை. நிலத்துக்குரியவர் விதையை விட்டார். வந்தவர் விதையை அறியார். இடையில் நின்று அதைக் காப்பாற்றக்கூடியது மனையின் பின்புறத்தில் மிஞ்சிய பத்தடி இடம் ஒன்றே.

தொழில் நகரத்துக்கே பிரத்தியேகமான ஓர் இடையூறும் இருக்கிறது. இருட்டை அளந்து பூக்கும் செடிக்கு, இரவெல்லாம் எரியும் விளக்கு கால அளவையே குழப்பிவிடும். அமெரிக்காவில் தெருவிளக்கின் கீழ் நின்ற சோயா அவரை, அதே வயலில் இருட்டில் நின்றது முற்றிய பின்னும் பசுமையாகவே இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஓசூரின் புதிய குடியிருப்புகளில் வீதி தோறும் வெண்விளக்குகள்; தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்களில் அவற்றினும் பிரகாசமானவை. ஆகையால் நாட்டுக் கொடியைத் தெருப்பக்கத்து மதிலோரத்தில் ஏற்றாமல், வீட்டின் நிழல் விளக்கொளியை மறைக்கும் பின்பக்கத்தில், அதே சமயம் பகலில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் ஊன்ற வேண்டும். வாசல் விளக்கை இரவு முழுதும் எரியவிடும் வழக்கமுள்ளவர்கள், ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களுக்கேனும் அதை நிறுத்தி வைப்பது நலம்.

இனி, பயிரிடும் முறை. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியெடுத்து, தோண்டிய மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து நிரப்பிச் சில நாள் ஆறவிட வேண்டும். புதிய மனைகளில் கட்டட இடிபாடும் சுண்ணாம்புக் காரையும் அடியில் புதைந்து கிடப்பது சகஜமாதலால், குழியை ஆழமாகவே எடுத்து அவற்றை அகற்றிவிடுவது முக்கியம். குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்த பின் திடமான இரண்டை விட்டு மற்றதைக் களைந்துவிடலாம். குழிக்குக் குழி ஆறேழு அடி இடைவெளி தேவை. ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்தி ஊன்றினால், பல ஆண்டுகளாகப் பயறு வகை விளையாத மனை மண்ணில் நல்ல பலன் தெரியும். எருவை அளவுக்கு மிஞ்சி இடுவது அவரையைப் பொறுத்தவரை உபகாரம் அன்று. கொடி தழைத்துக்கொண்டே போய்ப் பூவைத் தாமதப்படுத்தும். அப்படித் தழைத்துவிட்டால் உள்ளே காற்றும் வெளிச்சமும் புகும்படி அடியிலைகளை ஆய்ந்துவிடுவார்கள். பந்தல் ஆளுயரம் போதும். மூங்கிலும் கயிறும் ஒரு பருவத்துக்குத் தாங்கும். மொட்டை மாடியில் வளர்ப்பவர்கள், ஆணிவேர் இறங்குவதற்கு இடமில்லாத சிறு பைகளில் கொடியைப் போட்டு வருந்துவதைவிட, அங்கே செடி அவரையை இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஓரிடத்தில் நான் செடி அவரைக்கு முழு மனத்தோடு வாக்களிப்பேன்.

காயைப் பறிக்கும்போது பூங்கொத்தின் தண்டை ஒடித்துவிடாமல் காயை மட்டும் கிள்ளி எடுப்பது அவசியம். அந்தத் தண்டிலேயே மேலும் பூ வரும்.

பூச்சிகளில் முதன்மையானது அசுவினி. கரிய நிறத்தில் இளந்தண்டையும் பூங்கொத்தையும் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். அது கழிக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். காலைப் பனி காயுமுன் அடுப்புச் சாம்பலைத் தூவுவது பழைய பரிகாரம். விறகடுப்பு இல்லாத வீடுகளில், லிட்டர் தண்ணீருக்கு முப்பது மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். ஆனால் அதற்கு முன் இலைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பொறிவண்டும் அதன் கரிய, முள் போன்ற மயிருள்ள புழுவும் அங்கே இருந்தால் சில நாள் பொறுத்திருப்பதே புத்திசாலித்தனம். அவை அசுவினியைத் தின்று தீர்க்கும். காய்த்துளைப்பான் புழு வேறு ரகம். துளையிட்ட காயையும் பின்னிக் கிடக்கும் பூங்கொத்தையும் கையால் பொறுக்கி அழிப்பதற்கு நிகரான வைத்தியம் இரண்டு மூன்று கொடிகளுக்கு வேறில்லை. இலையில் மஞ்சள் திட்டுக்கள் கலந்து வரும் தேமல் நோய்க்கு மருந்தில்லாததால், கண்டவுடன் அக்கொடியைக் களைந்துவிட வேண்டும். இரக்கம் காட்டினால் மற்றவையும் போகும்.

உண்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. உலர்ந்த கொட்டையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம் இருப்பது பெரிய நன்மை. ஆனால் முற்றி உலர்ந்த விதையில், சிறப்பாகக் கருநிற விதையில், சமைக்காமல் உண்டால் கேடு செய்யும் பொருள்களும் இருக்கின்றன. இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாக வேகவைப்பது நம் பாட்டிமாரின் நியதி. அதில் எந்தப் படியையும் குறைக்கலாகாது.

விதை எடுப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், பழைய கொடிக்காக வாதாடியது வீண். அவரை பெரும்பாலும் தன் பூவின் மகரந்தத்தாலேயே கருத்தரிப்பது. ஆயினும் தேனீக்களும் கரிய தச்சுத் தேனீக்களும் சிறிதளவு கலப்பை உண்டாக்குவதால், விதைக்கென்று வைத்த கொடியின் அருகே வேறு இனத்தைப் போடாதிருப்பது உத்தமம். தளி, பேரிகை, பாகலூர்ப் பக்கத்துச் சந்தைகளில் மார்கழி கடைசியில் முற்றிய நாட்டுக் காய் கிடைக்கும்போதே, மணமுள்ளதாகப் பார்த்து, விளைந்த ஊரைக் கேட்டறிந்து, நெற்றுக்காகத் தனியே சொல்லி வைத்து வாங்கலாம். தன் கொடியிலிருந்து எடுப்பவர், முதற் காய்ப்பிலேயே நல்ல கொத்துக்களுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, ஒரே கொடியிலிருந்து எடுக்காமல் இருக்கின்ற கொடிகள் அனைத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். நெற்று கொடியிலேயே காய்ந்து கலகலக்கும்போது பறித்து, வெயிலில் உலர்த்தி, விதையைச் செம்மண் குழம்பில் புரட்டி மறுபடி நன்றாகக் காயவைத்து மூடினால், பயறு வண்டு துளையிடுவதற்கு அந்த மண் பூச்சு பெருந்தடையாகும். வண்டின் முட்டை பல சமயங்களில் கொடியிலிருக்கும்போதே காயின் மேல் ஒட்டிவிடுவதால், உலர்த்துவதில் சோம்பல் கூடாது. இப்படி வைத்த விதை இரண்டு ஆண்டு பழுதின்றி முளைக்கும். ஆகவே எடுத்தது முழுவதையும் வருகிற ஆடியிலேயே ஊன்றிவிடாமல், ஒரு பகுதியை நிறுத்தி வைத்துக்கொண்டு, மற்றொரு பகுதியை ஊர்ப் பெயரும் எடுத்த ஆண்டும் எழுதிய காகிதத்தில் மடித்து அடுத்த வீட்டாருக்குக் கொடுத்து வைக்க வேண்டும். தன் கொடி தேமலால் போனாலும் அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.